தொட்டியும் துறையும்: வளர்ந்தவர்களின் விளையாட்டு

இந்தப் பொழிவுக்குத் தலைப்புக் கேட்டபோது, "வளர்ந்தவர்களின் விளையாட்டு" என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஓர் இளம் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஐயா, அழைப்பிதழ்ல 'சங்க இலக்கியத்தில் விளையாட்டு'ன்னு போட்டுக்கிடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் தயக்கம் எனக்குப் புரிந்தது. நம் ஊரில் 'விளையாட்டுப் புத்தி' என்றால் வசை. 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்றால் மன்னிப்பு. 'பேரன் பேத்தி எடுத்த வயசுல என்னவே விளையாட்டு' என்று கேட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. பிள்ளைகள் விளையாடலாம், பெரியவர்கள் அதைப் பார்க்கலாம் என்று ஏதோ ஒரு காலத்தில் முடிவு செய்துவிட்டோம். அந்த முடிவு நம் மரபில் வந்ததல்ல என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. புலன் என்பதற்கு உரைகாரர்கள் கல்வியால் வரும் அறிவு என்று பொருள் சொல்வார்கள். பணம், அறிவு, காதல் மூன்றுக்கும் பக்கத்தில் அதே வரிசையில் விளையாட்டு உட்கார்ந்திருக்கிறது. இது குழந்தைகளைப் பற்றிய இயல் அல்ல. கற்பியல் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. மணமாகி இல்லறம் நடத்தும் தலைவனும் தலைவியும் ஊரைத் தாண்டிப் போய் ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி மகிழ்வது அவர்களுக்கு உரியது என்கிறது. குடும்பக்காரர்களின் விளையாட்டை இலக்கணமே தனியாக எடுத்துச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று. உரியியலில் விளையாட்டைக் குறிக்க இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று கெடவரல், அது வழக்கொழிந்துபோயிற்று. மற்றது பண்ணை. தாமிரபரணிக் கரையில் பண்ணை என்றால் இன்று நமக்கு என்ன நினைவுக்கு வரும்? வயல், களம், கூலி, பண்ணையார். தொல்காப்பியர் காதில் விளையாட்டாக ஒலித்த சொல் நம் காதில் வேலையாக ஒலிக்கிறது. மொழி நூலார் இதை வேறு விதமாக விளக்கலாம். ஆனால் அகராதியைப் புரட்டி இந்தச் சொல்லில் வந்து நிற்கிறபோதெல்லாம் எதையோ தவறவிட்டது போல எனக்கு இருக்கும்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடு. அதன் நடுவே வட்டமான தொட்டிக்கட்டு. 1920களில் தொடங்கி ஞாயிறு மாலைகளில் அங்கே சிலர் கூடினார்கள். வீட்டுக்காரர் டி.கே. சிதம்பரநாத முதலியார், நாம் ரசிகமணி டி.கே.சி. என்று சொல்கிறவர். 1882இல் பிறந்தவர், சட்டம் படித்தவர், சட்டமன்ற மேலவை உறுப்பினராக இருந்தவர், 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய ஆணையர் பொறுப்பு வகித்தவர். கோப்புகளும் வழக்குகளும் தெரிந்த மனிதர். வந்து உட்கார்ந்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். வருவாய்த் துறையில் இருந்து பின்னாளில் மாவட்ட ஆட்சியராக ஓய்வு பெற்ற தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானும், உயர் நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்த எஸ். மகராஜனும் அந்த வட்டத்தில் வளர்ந்தவர்கள். தொட்டியைச் சுற்றி உட்கார்ந்ததால் வட்டத்தொட்டி என்றே பெயர் நின்றுவிட்டது.

அங்கே என்ன செய்தார்கள்? ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார்கள். அதைச் சொல்வார்கள். மறுபடி சொல்வார்கள். எந்தச் சொல்லில் நிறுத்தினால் உணர்ச்சி ததும்புகிறது, எங்கே இழுத்தால் தாளம் குதிக்கிறது என்று நாக்கில் போட்டு உருட்டிப் பார்ப்பார்கள். ரசித்தால் சிரிப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், இன்னொரு தடவை கேட்பார்கள். தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது. அந்த மாலையால் யாருக்கும் சம்பளம் கூடவில்லை. டி.கே.சி. கம்பனைக் கையாண்ட விதம் பண்டிதர்களைக் கோபப்படுத்தியது. பல பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், சொற்களை மாற்றினார். பதிப்பு நெறிப்படி அதை ஏற்க முடியாது, என் மாணவர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் சுவடியைப் பூட்டிக் காப்பது ஒரு வேலை, பாட்டை எடுத்து ஆடுவது வேறு வேலை. இரண்டாவதைச் செய்ய இந்த ஊரில் ஒரு மனிதர் துணிந்தார். அதனால்தான் முத்தொள்ளாயிரமும் கம்பனும் வக்கீல்களின் வாயிலும் அதிகாரிகளின் வாயிலும் புகுந்து புறப்பட்டன. அந்தக் கம்பன், உலகங்களைப் படைப்பதும் காப்பதும் அழிப்பதும் இறைவனுக்கு விளையாட்டு என்று சொல்லித்தான் தன் நூலையே தொடங்குகிறான் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

டச்சு வரலாற்று அறிஞர் யோஹான் ஹாய்சிங்கா 1938இல் 'ஹோமோ லூடன்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். விளையாடும் மனிதன் என்று பொருள். விளையாட்டு யாருடைய கட்டாயத்தாலும் நடப்பதில்லை, அதற்கென்று ஓர் இடமும் நேரமும் ஒதுங்கி இருக்கும், அந்த எல்லைக்குள் அதற்கென்று ஒரு விதி இருக்கும் என்று அவர் விளக்கினார். வண்ணாரப்பேட்டைத் தொட்டிக்கட்டுக்கு இது அப்படியே பொருந்துகிறது. இடம் தொட்டி. நேரம் ஞாயிறு மாலை. விதி, பாட்டை அனுபவிக்காமல் யாரும் எழுந்து போகக் கூடாது.

பின்னாளில் டி.கே.சி. குற்றாலத்துக்குக் குடிபோனார், 1954இல் அங்கேயே மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக் குற்றாலத்துக்கு வந்தார்கள். குற்றாலத்தை எதற்குத் தாமிரபரணிக் கணக்கில் சேர்க்கிறாய் என்று யாராவது கேட்கலாம். அந்த அருவிகளில் விழுகிற தண்ணீர் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. முக்கூடற்பள்ளு பாடப்பட்ட முக்கூடல் அந்த இடம்தான். எல்லாம் ஒரே ஆற்றுக் குடும்பம்.

குற்றாலத்தில் நடப்பதை நாம் சரியாகக் கவனித்ததில்லை என்று நினைக்கிறேன். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிறது. திருநெல்வேலியில் வெயில் அடிக்கும்போதே அங்கே சாரல் தூறும். பேரருவியின் கீழே ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள். எண்ணெய் தேய்த்து உடம்பெல்லாம் மின்ன, ஐம்பது வயது ஆண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கரையில் நிற்கிற வரைக்கும் அவர் ஒரு கடை முதலாளி, அல்லது தலைமை எழுத்தர், அல்லது மாமனார். தண்ணீர் தலையில் அறைந்த மறு நொடி அவர் வாயிலிருந்து ஒரு 'ஓ' கிளம்புகிறது. அதற்கு அர்த்தம் கிடையாது. பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளும் 'ஓ' என்கிறார். அருவி இரைச்சலில் யார் கத்தியது என்று யாருக்கும் தெரியாது என்பதால் எல்லோரும் கத்துகிறார்கள். வெளியே வந்து துண்டைப் பிழிகிறபோது முகம் பத்து வயது குறைந்திருக்கும். பெண்கள் பக்கத்திலிருந்து வரும் சிரிப்புச் சத்தத்தை வருடத்தின் வேறெந்த நாளிலும், அந்தப் பெண்களின் வீடுகளில்கூட, அந்த அளவுக்குக் கேட்க முடியாது.

இந்தக் குற்றாலத்தை வைத்துத்தான் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் தம் குறவஞ்சியைப் பாடினார். அதில் வசந்தவல்லி தெருவுக்கு வந்து பந்தடிக்கிறாள். அவள் சிறுமியில்லை, காதல் கொள்ளப்போகிற பருவத்துப் பெண். கவிராயர் அவளைக் குனியவும் எழவும் சுழலவும் வைத்துச் சந்தத்திலேயே பந்தைத் துள்ள விடுகிறார். ஒரு பெண் நடுத்தெருவில் ஆடலாமா என்ற கேள்வி அந்த நூலில் யார் மனத்திலும் எழவில்லை. நம் தெருக்களில் அந்தக் கேள்வி எழாமல் இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது என் வீட்டுக்குள்ளேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு உள்திண்ணையில் மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு அம்மாவும் அத்தையும் தாயம் ஆடுவார்கள். அத்தை என்று நான் சொல்வது மாமாவின் மனைவி, அம்மாவுக்கு மைனி. சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் கீறுவார்கள். தாயக்கட்டை வீட்டில் உண்டு, ஆனாலும் அம்மாவுக்குப் புளியங்கொட்டைதான் பிடிக்கும். நாலு கொட்டையை எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தையும் திண்ணைக் கல்லில் வெள்ளை தெரிகிற வரை உரசி வைத்திருந்தார். ஒரு வெள்ளை விழுந்தால் தாயம். அது விழாமல் காய் இறங்காது. எல்லாம் கறுப்பாக விழுந்தால் எட்டு. காய் மலையில் ஏறிவிட்டால் வெட்ட முடியாது. "மைனி, மலையிலயே உக்காந்துட்டா வீட்டுக்கு எப்பப் போறதாம்?" என்று அம்மா சீண்டுவார். வேறு எந்த நேரத்திலும் மைனியிடம் அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பெரியவர்கள் யாராவது நடையில் செருமினால் இரண்டு பேரும் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆனால் கட்டத்தைக் கலைக்க மாட்டார்கள்.

ஒரு வருடம் பாகப் பிரிவினைத் தகராறு வந்தது. ஆண்கள் சண்டை பெண்கள் வரை இறங்கி, அம்மாவும் அத்தையும் மூன்று மாதம் பேசவில்லை. ஒரே வளவு, ஒரே கிணறு, வாளியை மாற்றிக்கொள்ளும்போதுகூட ஒரு வார்த்தை கிடையாது. பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் அம்மா ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் கட்டம் கீறினார். கொட்டையை நடுவில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் ஏதோ புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்து அத்தை வந்தார். எதிரே உட்காரவில்லை, நின்றபடியே குனிந்து கொட்டையை எடுத்து உருட்டினார். ஒரு வெள்ளை, மூன்று கறுப்பு. "தாயம்" என்றார். மூன்று மாதம் கழித்து அந்த வீட்டில் அவர்கள் பேசிய முதல் சொல் அதுதான். சொத்துத் தகராறு அதற்குப் பிறகும் இரண்டு வருடம் நீண்டது. ஆட்டம் ஒரு நாளும் நிற்கவில்லை.

மன்னிப்புக் கேட்கவும் முடியாமல், விட்டுக்கொடுக்கவும் முடியாமல் நிற்கிற இரண்டு பேருக்குக் கட்டம் ஒரு வழி திறந்துவிட்டது. அங்கே போட்டிக்குத் தனி விதி உண்டு. வெட்டலாம், வெட்டுப்படலாம், அடுத்த ஆட்டத்தில் எல்லாம் முதலிலிருந்து. பாகப் பத்திரத்தில் அந்த வசதி இல்லை.

கடற்கரைப் பக்கம் போனால் குலசேகரன்பட்டினத்தில் தசரா. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு மாலை போட்டு, விரதம் இருந்து, காப்புக் கட்டி, வேடம் போடுகிறார்கள். காளி, ராமர், அனுமார், குறத்தி, போலீஸ், கரடி, ராஜா, பிச்சைக்காரர். செட்டுச் செட்டாக ஊர் ஊராகப் போய்த் தர்மம் எடுத்து, விஜயதசமி இரவு சூரசம்ஹாரத்துக்கு அம்மன் சந்நிதிக்குத் திரும்புகிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அரசு ஊழியர் வருடந்தோறும் பிச்சைக்கார வேடம் போடுகிறார். கிழிந்த துணியும் கையில் தகர டப்பாவுமாக, தன்னிடம் கையெழுத்துக்காகக் காத்து நிற்கிறவர்களின் வாசலிலேயே போய் நின்று, "அம்மா தாயே" என்று கை நீட்டுகிறார். இது பக்தியா விளையாட்டா என்று கேட்டால், அந்தக் கேள்வியே வெளியாள் கேட்பது என்பேன். திருவிளையாடல் என்று கடவுள் கதைக்கே பெயர் வைத்தவர்கள் நாம். பத்து நாள் வேறு ஆளாக இருந்து பார்த்தவருக்குப் பதினொன்றாம் நாள் தன் நாற்காலி கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன்.

சடுகுடு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குரும்பூர் வட்டாரத்து மணத்தியிலிருந்து புறப்பட்ட கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார், அடுத்து அர்ஜுனா விருதும் பெற்றார். அந்தப் பெருமை என்றும் நிற்கட்டும். ஆனால் நான் பேச விரும்புவது, அறுப்பு முடிந்த வயலில் லுங்கியை மடித்துக்கட்டி ஆடிய, எந்தக் கோப்பையும் வாங்காத நூறு ஊர் ஆட்களைப் பற்றி. கபடி பெரிய போட்டியாக வளர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். வளர்ந்த பிறகு நாற்பது வயதுக்காரர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார் என்பதில்தான் வருத்தம்.

இதுவரை பேசியதை மட்டும் கேட்டால், பழைய காலத்தில் எல்லாரும் ஆடிப் பாடி இருந்தார்கள் என்று தோன்றிவிடும். அது உண்மையல்ல. படித்துறைகள் எல்லாச் சாதிக்கும் ஒன்றாக இருந்ததில்லை. வட்டத்தொட்டியில் உட்கார்ந்தவர்கள் ஞாயிறு மாலை ஓய்வாக இருக்க முடிந்தவர்கள், வயலில் நாற்று நட்டுவிட்டு வந்தவர்கள் அல்லர். அம்மாவும் அத்தையும் உள்திண்ணையில்தான் ஆடினார்கள், தெருத்திண்ணை அவர்களுக்கு இல்லை. 1999 ஜூலை 23ஆம் தேதி, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக வந்த ஊர்வலத்தின் முடிவில் இதே ஆற்றில் 17 உயிர்கள் போயின. ஒரு சின்னக் குழந்தையும் அதில் உண்டு. இந்த ஆற்றின் கரையில் நின்று விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவன் அதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. ஓய்வு என்பது கூலியோடு சேர்ந்தது. ஒருவருக்கு விளையாட நேரம் வேண்டும் என்றால் முதலில் எட்டு மணி நேர வேலையில் அவர் வீட்டு உலை கொதிக்க வேண்டும்.

இன்றைய நிலைமைக்கு வருகிறேன். மாலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கிறவர்களைப் பார்க்கிறேன். நல்லதுதான், நானும் நடக்கிறேன். ஆனால் கையில் ஒரு கருவி எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுகிறது. சர்க்கரைக்காக நடை, கொழுப்புக்காக நீச்சல், மன அழுத்தத்துக்காகச் சிரிப்பு. எதைச் செய்தாலும் ஒரு பயனைக் காட்டிக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. விளையாட்டையும் மருந்துச் சீட்டில் எழுதி வாங்கினால் அது மருந்தாகிவிடும். இன்னொரு பக்கம், கைபேசியில் பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இரவைக் கழிக்கிறோம். பார்ப்பது ஆடுவது ஆகாது. தாயக்கொட்டை உள்ளங்கையில் சூடாவதை யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

நம் ஊர்க்காரர்கள் விளையாடியது, அவர்கள் நம்மைவிடக் கவலையற்றவர்கள் என்பதால் அல்ல. அவர்களுக்குத் துறை இருந்தது, திண்ணை இருந்தது, தொட்டி இருந்தது, இந்த நேரத்தில் இன்னார் வருவார்கள் என்ற உறுதி இருந்தது. நாம் திண்ணையை இடித்துக் கார் நிறுத்தினோம். ஆற்றில் சாக்கடையை விட்டோம். குறுக்குத்துறையில் காலையில் முங்கு நீச்சலடித்துவிட்டு ஈரத் துண்டோடு வம்பளந்து வீடு திரும்பிய ஆட்கள் இன்று குளியலறையில் வாளியோடு நிற்கிறார்கள். ஆற்றைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று பேசும்போது குடிநீரைச் சொல்கிறோம், பாசனத்தைச் சொல்கிறோம், சரிதான். இந்த மாவட்டத்துப் பெரியவர்களின் ஆடுகளம் அது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாநகராட்சியிடம் பூங்கா கேட்கும்போது ஊஞ்சலும் சறுக்கும் குழந்தைகளுக்குக் கேட்கிறீர்கள். பெரியவர்கள் தாங்கும்படி ஓர் ஊஞ்சலும், ஆடுபுலி ஆட்டம் கீறிய ஒரு கல்மேடையும் கேளுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, எதிரெதிரே இரண்டு பேர். செலவு அவ்வளவுதான்.

அது வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மாணவர்களே, இந்த ஞாயிறு மாலை ஒரு மணி நேரத்துக்கு அப்பாவையோ அம்மாவையோ எதிரே உட்காரவையுங்கள். "எனக்குத் தெரியாது, நீங்க சொல்லிக் குடுங்க" என்று கேளுங்கள். முதலில் மறுப்பார்கள், வேலை கிடக்கு என்பார்கள். விடாதீர்கள். அடுத்த ஞாயிறும் அதே நேரத்தில் அதே இடத்தில் உட்காருங்கள். கட்டைக்கும் சோழிக்கும் எங்கும் அலைய வேண்டாம். கொட்டை எடுக்காத புளி நம் டவுண் பலசரக்குக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது.